கதி, தூரம், நேரம்: விகிதக் கணக்கைப் பங்கு பிரித்துச் செய்வோம்

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கணிதத்தில் எது கஷ்டம் என்று கேட்டால், நிறையப் பேர் சொல்லும் பதில் கதி, தூரம், நேரம் என்பதுதான். அதில் விகிதமும் சேர்ந்துவிட்டால் பேனையை மூடி வைத்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். "எதைப் பெருக்குறது, எதைப் பிரிக்கிறதுன்னே தெரியலையே சார்" என்பதே அவர்களுடைய முறைப்பாடு.

"மலைக்குப் போற புள்ளைக்கு இந்தக் கணக்கு எதுக்கு?" என்று கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். பெரட்டுக்கு நேரத்தோடு போய் நிற்க எத்தனை மணிக்கு லயத்தை விட்டுக் கிளம்ப வேணும் என்று நீங்கள் தினமும் மனதில் போடுகிறீர்களே, அதுவும் இதே கணக்குத்தான். கொப்பியில் எழுதாமல் போடுகிறீர்கள், அவ்வளவே. மற்றது, மற்றப் பாடமெல்லாம் நல்ல புள்ளி எடுத்தும் கணிதத்தில் சித்தி இல்லாததால் மேலே படிக்க முடியாமல் வீட்டில் நின்றுவிட்ட பிள்ளைகளை நாங்கள் ஒவ்வொரு வருஷமும் பார்த்துக்கொண்டு வருகிறோம். ஆகவே இந்த முறை கல்விப் பக்கத்தை இந்த ஒரு கணக்குக்கே வைத்திருக்கிறோம். பிள்ளைகள் பக்கத்தில் கொப்பியை வைத்துக்கொண்டு வாசியுங்கள். அம்மா அப்பாவும் கூட உட்காருங்கள். எழுதத் தெரியாவிட்டாலும் இந்தக் கணக்கில் பாதி உங்களுக்குத் தெரிந்தது.

முதலில் சொல்லை சரிப்படுத்திக்கொள்வோம். நாம் வீட்டில் "வேகம்" என்று சொல்லுவதைக் கணிதப் புத்தகம் "கதி" என்று சொல்கிறது. மணிக்கு 20 கிலோமீற்றர் என்றால் ஒரு மணித்தியாலத்தில் 20 கிலோமீற்றர் போகும் கதி. விடைத்தாளில் கதி என்றே எழுதிப் பழகுங்கள். தூரத்தை நேரத்தால் வகுத்தால் கதி, கதியை நேரத்தால் பெருக்கினால் தூரம். இது உங்களுக்குப் பாடம். விகிதக் கணக்கில் இந்தச் சூத்திரத்தை உடனே தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வில்லங்கத்தில் மாட்டிவிடுகிறது. ஏனென்றால் வினாவில் கதியும் தந்திருக்க மாட்டார்கள், தூரமும் தந்திருக்க மாட்டார்கள். "கதிகளின் விகிதம் 2 : 3" என்று மட்டும் இருக்கும். பிள்ளை எதை எங்கே போடுவது என்று முழிக்கும்.

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்னே ஒரு கேள்வியைக் கேளுங்கள். இந்தக் கணக்கில் இரண்டு பேருக்கும் எது சமம்? நேரமா, தூரமா? வினாத்தாளின் ஓரத்தில் பென்சிலால் "நேரம் சமம்" அல்லது "தூரம் சமம்" என்று எழுதிவிட்டே அடுத்த வரிக்குப் போக வேண்டும். மிச்சமெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

நேரம் சமமாக இருக்கிற கணக்கு லேசானது. அக்காவும் தம்பியும் லயத்திலிருந்து ஒரே நேரத்தில் பாடசாலைக்குப் புறப்படுகிறார்கள். அக்கா கொஞ்சம் வெரசாக நடப்பாள். அக்காவின் கதிக்கும் தம்பியின் கதிக்கும் விகிதம் 5 : 4. பாடசாலை 1500 மீற்றர் தூரம். அக்கா பாடசாலை வாசலை மிதிக்கும் நேரம் தம்பி எங்கே நிற்பான்?

இரண்டு பேரும் நடந்த நேரம் ஒன்று. ஒரே நேரத்தில் வெரசாக நடக்கிறவர் கூட தூரம் போவார், மெதுவாக நடக்கிறவர் குறைந்த தூரம் போவார். அதனால் கதி எந்த விகிதமோ தூரமும் அதே விகிதம், 5 : 4. அக்காவின் 5 பங்கு 1500 மீற்றர் என்றால் ஒரு பங்கு 300 மீற்றர். தம்பிக்கு 4 பங்கு, 1200 மீற்றர். இன்னும் 300 மீற்றர் அவன் நடக்க வேண்டும். இங்கே யாருடைய கதி எவ்வளவு என்று நமக்குக் கடைசி வரைக்கும் தெரியாது, தேவையும் இல்லை. புத்தகம் இதை நேர்விகிதசமன் என்று சொல்லும்.

இனித்தான் பிள்ளைகள் விழுகிற இடம்.

ஒரு தாய் லயத்திலிருந்து மலைக்கு ஏறிப் போய் அதே பாதையில் இறங்கி வருகிறார். ஏறும் கதிக்கும் இறங்கும் கதிக்கும் விகிதம் 2 : 3. ஏறவும் இறங்கவும் மொத்தம் 50 நிமிடம் ஆனது. ஏறுவதற்கு எத்தனை நிமிடம்?

எத்தனையோ கொப்பிகளில் நாங்கள் பார்க்கிற விடை இப்படி: 2ஐயும் 3ஐயும் கூட்டினால் 5, ஐம்பதை 5ஆல் வகுத்தால் 10, ஏறுவதற்கு 2 பங்கு, ஆகவே 20 நிமிடம். இறங்க 30 நிமிடம். பெருக்கல் வகுத்தல் எல்லாம் சுத்தம், விடை மட்டும் பிழை. கூடையோடு ஏறுகிறதுக்கு 20 நிமிடமும் இறங்குகிறதுக்கு 30 நிமிடமுமா? உங்க அம்மாவிடம் இந்த விடையைக் காட்டினால் சிரிப்பா. பள்ளிக்கூடம் போகாத அம்மாயிகூட "ஏத்தத்துக்குத்தான்டா கூட நேரம்" என்று சொல்லிவிடும்.

இந்தக் கணக்கில் சமமானது தூரம். பாதை ஒன்றுதான். ஒரே தூரத்தை மெதுவாகப் போகிறவர் கூட நேரம் எடுப்பார், வெரசாகப் போகிறவர் குறைந்த நேரம் எடுப்பார். அதனால் விகிதம் தலைகீழாகத் திரும்பும். கதி 2 : 3 என்றால் நேரம் 3 : 2. இப்போது ஒரு பங்கு 10 நிமிடம், ஏற 30 நிமிடம், இறங்க 20 நிமிடம். இதைத்தான் நேர்மாறு விகிதசமன் என்கிறார்கள். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம்.

மூன்று பேர் வந்தாலும் இப்படித் திருப்பலாமா என்று கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். கதிகள் 2 : 3 : 4 என்று தந்தால் நேரம் 4 : 3 : 2 என்று அப்படியே புரட்டி எழுதக் கூடாது. ஒவ்வொன்றையும் தலைகீழாக்கி 1/2 : 1/3 : 1/4 என்று எழுதி, பிறகு 12ஆல் பெருக்க வேண்டும். 6 : 4 : 3 என்று வரும். இரண்டு பேர் இருக்கும்போது மட்டும் இடம் மாற்றினால் போதும்.

இனிக் கொழுந்து லொறியைப் பார்ப்போம். மடுவத்தில் நிறுத்த கொழுந்தை ஸ்டோருக்குச் சீக்கிரம் ஏற்றிவிட வேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுவது சும்மா இல்லை. சாக்கில் அடைத்த கொழுந்து நேரம் போகப் போகச் சூடேறும், நசுங்கிச் சிவந்துவிடும். அதில் நல்ல தூள் வராது. ஒரு நாள் பனிமூட்டம். வழமையான கதியின் நான்கில் மூன்று பங்கு கதியிலேயே டிரைவர் லொறியை ஓட்டினார். ஸ்டோருக்கு 15 நிமிடம் பிந்தியது. வழமையாக எவ்வளவு நேரம் எடுக்கும்?

பாருங்கள், தூரமும் இல்லை, கதியும் இல்லை. ஆனால் பாதை ஒன்று. ஓரத்தில் "தூரம் சமம்" என்று எழுதுங்கள். பனி நாளின் கதிக்கும் வழமையான கதிக்கும் விகிதம் 3 : 4. நேரம் திரும்பி 4 : 3. பனி நாளில் 4 பங்கு நேரம், மற்ற நாளில் 3 பங்கு நேரம். வித்தியாசம் ஒரு பங்கு, அந்த ஒரு பங்குதான் 15 நிமிடம். ஆகவே வழமையான நேரம் 45 நிமிடம், பனி நாளில் ஒரு மணித்தியாலம். நம்பிக்கை இல்லாவிட்டால் தூரம் 15 கிலோமீற்றர் என்று வைத்துப் பாருங்க. வழமையாக மணிக்கு 20, பனியில் மணிக்கு 15. சரியாக வரும்.

"பிந்தியது", "முந்தியது" என்ற சொல் வினாவில் இருந்தால் பங்குகளின் வித்தியாசத்தைப் பிடியுங்கள். "மொத்தம்" என்று இருந்தால் பங்குகளின் கூட்டுத்தொகையைப் பிடியுங்கள். துரத்திப் பிடிக்கிற கணக்கும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். தம்பி சோற்றுப் பெட்டியை மறந்துவிட்டுப் போய்விட்டான். பத்து நிமிடம் கழித்து அண்ணன் எடுத்துக்கொண்டு பின்னால் போகிறான். தம்பிக்கும் அண்ணனுக்கும் கதி விகிதம் 2 : 3. அண்ணன் எத்தனை நிமிடத்தில் பிடிப்பான்? பிடித்த இடம் வரைக்கும் இரண்டு பேரும் நடந்த தூரம் சமம். நேரம் 3 : 2. வித்தியாசம் ஒரு பங்கு, 10 நிமிடம். அண்ணன் 20 நிமிடத்தில் பிடித்துவிடுவான். தம்பி அதற்குள் 30 நிமிடம் நடந்திருப்பான்.

சராசரிக் கதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், பரீட்சையில் கை வைக்கிற இடம் அது. தோட்டத்திலிருந்து டவுன் 12 கிலோமீற்றர். பஸ் இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர், திரும்பி ஏறும்போது மணிக்கு 20 கிலோமீற்றர். போய்வந்த சராசரிக் கதி என்ன? முப்பதையும் இருபதையும் கூட்டிப் பாதியாக்கி 25 என்று எழுதுகிறார்கள். போக 24 நிமிடம், வர 36 நிமிடம், மொத்தம் ஒரு மணித்தியாலம். ஒரு மணித்தியாலத்தில் பஸ் ஓடியது 24 கிலோமீற்றர். சராசரி 24, இருபத்தைந்து அல்ல. மெதுவான கதியில்தான் பஸ் கூட நேரம் ஓடியிருக்கிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழி தேட வேண்டாம்.

அலகையும் கவனியுங்கள். ஒன்றரை மணித்தியாலம் என்பது 1.5 மணித்தியாலம், அதாவது 1 மணித்தியாலம் 30 நிமிடம். 1 மணி 50 நிமிடம் என்று எழுதுகிற பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தாத்தா "டவுன் அஞ்சு கட்டை" என்று சொன்னால் அது மைல். மைலுக்கும் கிலோமீற்றருக்கும் எண் விகிதம் ஏறக்குறைய 5 : 8. ஐந்து கட்டை என்றால் எட்டு கிலோமீற்றர், பத்து கட்டை என்றால் பதினாறு. பழைய ஆட்களிடம் தூரம் கேட்டு மாற்றிப் பாருங்கள், நல்ல பயிற்சி. மணிக்கு 18 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 5 மீற்றர் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதையெல்லாம் அதைக் கொண்டே மாற்றலாம். மணிக்கு 36 என்றால் செக்கனுக்கு 10.

இப்போது நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த கணக்கு. இதைப் பிள்ளைகள் மட்டுமல்ல, வீட்டில் பெரியவர்களும் கவனியுங்கள்.

ரோட்டுக்குத் தூரமாக இருக்கிற டிவிசன்களில் ஒருவருக்கு இரவில் கடுமையாக வருத்தம் வந்தால் என்ன பாடு என்பது நமக்குத் தெரியும். முந்திய காலத்தில் கம்பில் கம்பளியைக் கட்டி, அதில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார்கள். இன்றைக்கு 1990 என்ற இலக்கத்தை அழுத்தினால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இந்தச் சேவை பிறகு நாடு முழுவதுக்கும் வந்தது. ஆனால் அம்புலன்ஸும் ரோட்டில்தான் ஓடி வர வேண்டும். அது வரும் வரைக்கும் லயத்து வாசலில் காத்திருப்பதா, தோட்டத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு எதிரே போவதா? இந்தக் கேள்வி வருகிற நேரத்தில் ஆளுக்கு ஆள் ஒவ்வொன்று சொல்லி நேரம் போய்விடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தோட்டத்துக்கும் அம்புலன்ஸ் நிற்கும் ஆஸ்பத்திரிக்கும் 30 கிலோமீற்றர் என்று வைப்போம். அம்புலன்ஸ் மணிக்கு 40 கிலோமீற்றர், தோட்டத்து வாகனம் மணிக்கு 20 கிலோமீற்றர்.

காத்திருந்தால் அம்புலன்ஸ் 30 கிலோமீற்றர் வர 45 நிமிடம், திரும்பிப் போக 45 நிமிடம். நோயாளி ஆஸ்பத்திரி சேர 90 நிமிடம்.

எதிரே போனால்? இரண்டு வாகனமும் ஒரே நேரத்தில் புறப்படுகின்றன, வழியில் சந்திக்கின்றன. சந்திக்கும் வரைக்கும் இரண்டும் ஓடிய நேரம் சமம். அக்கா தம்பி கணக்கு மாதிரியே, கதி 2 : 1 என்றால் தூரமும் 2 : 1. முப்பது கிலோமீற்றரை மூன்று பங்காக்கினால் ஒரு பங்கு 10. அம்புலன்ஸ் 20 கிலோமீற்றர் வரும், நம் வாகனம் 10 கிலோமீற்றர் போகும். நம் வாகனத்துக்குப் பத்து கிலோமீற்றருக்கு 30 நிமிடம். அந்த இடத்திலிருந்து அம்புலன்ஸ் திரும்பிப் போவது வந்த அதே 20 கிலோமீற்றர், அதே 30 நிமிடம். மொத்தம் 60 நிமிடம். அரை மணித்தியாலம் மிச்சம். அதோடு நோயாளி பாதி நேரத்தை மருந்தும் ஒக்சிசனும் உள்ள வாகனத்தில் கழிக்கிறார்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கணக்கு நேரத்தைத்தான் சொல்லும். நோயாளியை அசைக்கலாமா என்பதைச் சொல்லாது. உயரத்திலிருந்து விழுந்தவரை, முதுகிலோ கழுத்திலோ அடிபட்டவரை நாமாகத் தூக்கி வாகனத்தில் போடக் கூடாது. பிரசவ வலி வந்த தாய் என்றாலும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். 1990இல் பேசுபவரிடம் "எங்களிடம் வாகனம் இருக்கிறது, எதிரே வரலாமா, எந்த இடத்தில் நிற்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் செய்யுங்கள். அதற்குப் பதில் சொல்ல உங்கள் லயத்திலிருந்து மெயின் ரோட்டுச் சந்தி எத்தனை கிலோமீற்றர், வாகனத்தில் எத்தனை நிமிடம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணையும் வீட்டுப் பிள்ளையைக் கொண்டு அளந்து எழுதி, கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். தோட்டத்து வாகன டிரைவருடைய டெலிபோன் இலக்கத்தையும் அதற்குக் கீழே எழுதுங்கள். தூரத்தை அளக்கத் தெரியாவிட்டால் ஒரு திரீவீல்காரரிடம் மீற்றரைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் போதும்.

பிள்ளைகள் செய்து பார்க்க நாலு கணக்கு கீழே இருக்கிறது. விடையைக் கையால் மூடிக்கொண்டு செய்யுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் எது சமம் என்று முதலில் எழுத வேண்டும். விடை பிழைத்தாலும் செய்த வழிக்குப் புள்ளி கிடைக்கும், வெறும் விடையை மட்டும் எழுதி வைத்தால் அதுவும் இல்லாமல் போகும்.

1. நடந்து போனால் 1 மணித்தியாலம் 15 நிமிடம் எடுக்கும் பாதை. நடைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் கதி விகிதம் 1 : 5. மோட்டார் சைக்கிளில் எத்தனை நிமிடம்?

2. 42 கிலோமீற்றர் இடைவெளியில் உள்ள இரண்டு டவுன்களிலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்ட இரண்டு பஸ்கள் 36 நிமிடத்தில் சந்தித்தன. கதி விகிதம் 4 : 3. ஒவ்வொன்றின் கதி என்ன?

3. சைக்கிளில் போகும்போது மணிக்கு 12 கிலோமீற்றர், அதே பாதையில் தள்ளிக்கொண்டு ஏறி வரும்போது மணிக்கு 6 கிலோமீற்றர். போய்வந்த சராசரிக் கதி என்ன?

4. மேலே சொன்ன அம்புலன்ஸ் கணக்கில், தோட்டத்து வாகனத்தின் சாவியைத் தேடி 15 நிமிடம் பிந்திவிட்டது. அம்புலன்ஸ் நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டது. நோயாளி ஆஸ்பத்திரி சேர மொத்தம் எத்தனை நிமிடம்?

விடைகள்: 1) தூரம் சமம், நேர விகிதம் 5 : 1, 15 நிமிடம். 2) நேரம் சமம், தூரம் 24 கிலோமீற்றர், 18 கிலோமீற்றர், கதி மணிக்கு 40, மணிக்கு 30. 3) தூரம் தரவில்லை என்று நிற்க வேண்டாம், 12 கிலோமீற்றர் என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். போக 1 மணித்தியாலம், வர 2 மணித்தியாலம், சராசரி மணிக்கு 8 கிலோமீற்றர். 4) பிந்திய 15 நிமிடத்தில் அம்புலன்ஸ் 10 கிலோமீற்றர் வந்துவிடும். மிச்சம் 20 கிலோமீற்றரை இரண்டு வாகனமும் சேர்ந்து 20 நிமிடத்தில் முடிக்கும். புறப்பட்ட 35ஆவது நிமிடத்தில் அம்புலன்ஸ் நம்மைச் சந்திக்கிறது, திரும்பிப் போகவும் 35 நிமிடம். மொத்தம் 70 நிமிடம். சாவி ஆணியில் தொங்கியிருந்தால் 60.